சொட்டு நீலம்

வாடிப்பட்டி தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்தது.
எப்படியும் நாங்கள் திரும்பவேண்டிய இடம்தான்.
ஊற்றிக்கொண்டு, நின்று நின்று,
கொடிக்கால்களின் ஈர வாசம் வழியாக
சோழவந்தானுக்குள் நுழைந்தோம்.
வைகையில் தண்ணீர் இருந்தது,
ஒரு கரையோரமாக மட்டும்,
யாரோ கொடுத்த வாக்கைப் பாதி காப்பாற்றியதுபோல.

வழியெல்லாம் செல்வின் சொல்லிக்கொண்டே வந்தான்:
கடல் தாண்டி ஓர் ஆற்றங்கரையில்
பருத்திக் காட்டில் குனிந்து கிடந்தவர்கள்
தங்கள் துக்கத்துக்கு நீலம் என்று
பேர் வைத்தார்களாம்.
ஏழு வருடமாக அதைத்தான் கேட்கிறான்
வாடகை வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு.
இங்கே அதற்கு என்ன நிறம் என்று பார்க்கவேண்டுமாம்.

இருளாயி வீடு எது என்றோம்.
"எந்தத் தெரு எழவுக்கு?" என்றார்
மைக்செட் கடைக்காரர்.

அவள் சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.
நேற்று இரவு முழுக்க மேலக்காலில்.
நாளை திருவேடகத்தில் கருமாதி.
போன் சார்ஜில் கிடந்து
இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் துடித்தது.
புருஷன் காளையன் வாசலில்
பறையை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"யாரு செத்தது?"
"யாருமில்லக்கா. சும்மா கேக்கலாம்னு."
"சும்மா எப்பிடிப் பாடுறது?
பேரு வேணும்.
என்ன வேல பாத்தாரு, கடன் இருந்துச்சா,
கூடப் பொறந்ததுல யாரு வரல,
இதெல்லாம் தெரிஞ்சாத்தான வாயி வரும்."

செல்வின் நீலத்தை விளக்கினான்.
அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.
"வேட்டிக்குப் போடுறமே, சொட்டு நீலம், அதா?"
காளையன் சிரித்துவிட்டான்.
அவள் சிரிக்கவில்லை.
"ரெண்டு சொட்டுத்தான் விடணும்.
கூடுச்சுன்னா துணி போச்சு.
இதுவும் அப்பிடித்தான்.
வீட்டாளுக மயங்கி விழுறாப்புல பாடுறவ
வேல தெரியாதவ."

பிறகு எங்கள் வண்டியைப் பார்த்தாள்.
திறந்த பானட், அதிலிருந்து எழும் ஆவி.
தம்ளரைக் கீழே வைத்தாள்.

*நாலு காலு மகராசா நட்டாத்துல நின்னீரோ
குடிச்ச தண்ணி பத்தாம கொதிச்சுத்தான் போனீரோ*

தெருவே சிரித்தது.
காளையன் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து
ஒரு தீர்மானம் வைத்தான்.
நானும் சிரித்தேன்.
ஆனால் இரண்டாம் தரம் பாடியபோது
'போனீரோ'வின் கடைசியில் ஓரிடத்தில்
குரல் மடிந்தது,
ஈரத்துணியை உதறுமுன் மடிவதுபோல.
அது காருக்கானது இல்லை.
செல்வின் ஹெட்போனைக் கழற்றிவிட்டான்.

ஆயிரத்து ஐந்நூறு நீட்டினோம்.
எழுநூற்றைம்பது எடுத்துக்கொண்டாள்.
"காருக்கு அரை ரேட்டு."
கூடவே ஒரு கார்டு:
*இருளாயி குழுவினர்.
பறை, ஒப்பாரி. குளிர்பெட்டியும் கிடைக்கும்.*

மதுரையைச் சுற்றிப் போனோம், பேசாமல்.
பதிவில் நாற்பத்தொரு நொடி இருந்தது.
பாதி சிரிப்பு, ஒரு பைக் ஹாரன்,
எங்கோ ஒரு சேவல்.

கப்பலூர் டோல்கேட்டில்
பாஸ்டேக்கில் காசில்லை.
ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.
நான் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தபோது
செல்வின் அந்தக் கார்டை எடுத்து
எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினான்.

"அக்கா, காலைல வந்தோமே, காரு."
"ம். சொல்லுப்பா."
"பேரு ஜெனோவா."

பின்னால் லாரி ஹாரன் அடித்தது.
இரண்டு வருடம் பக்கத்து மேசையில் வேலை செய்கிறேன்,
இந்தப் பேரை நான் கேட்டதில்லை.

"வயசு?"
"இருபத்தாறு."
"என்ன வேல பாத்துச்சு?"
அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான்.
"என் தங்கச்சிக்கா. நர்சு.
நான்தான் போகல."

மறுமுனையில் தண்ணீர் விழுங்கும் சத்தம்.
நான் ஏசியை அணைத்தேன்.
கருவி என் மடியில்தான் இருந்தது.
சிவப்புப் பொத்தானை
நான் தொடவில்லை.